கடைசி மாடி

நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து, "மூணாவது மாடி" என்றாள் அக்கா.

அரியலூர் ஆஸ்பத்திரியின் நர்சுகள் குடியிருப்பில் எனக்கும், எனக்கு மூத்த நர்சான அவளுக்கும் ஒரே அறை. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் அது. இவள் பாராட்டுகிறாளா, திட்டுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"உப்பு கம்மியாக்கா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு புள்ள. எங்கம்மா ரசம் ஏழாவது மாடி. இது மூணு. கொஞ்சம் மெனக்கெட்டா அஞ்சுக்கு ஏறிடுவ."

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அவளே ரசம் வைத்தாள். குடித்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல், "இது தரை. உன்னுது எவ்வளவோ தேவலாம்" என்று சொல்லிவிட்டு அதையே இரண்டாம் தரமும் ஊற்றிச் சாப்பிட்டாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. தன்னை அளக்கும்போதும் அதே கோல்தான். அப்படிப்பட்டவளிடம் கோபத்தை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்?

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூரும் என் ஊரான பெரம்பலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தன. அக்கா ஏலாக்குறிச்சிக்காரி. விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பங்குச் சாமியார் ஏற்பாட்டில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஜெர்மன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிக்கப் போனவள். படிப்பை முடித்து அங்கேயே சில வருஷம் வேலையும் பார்த்தாள். "போதும், வந்துடு" என்று அப்பா கூப்பிட்டதும் கிளம்பி வந்துவிட்டாள். அரியலூரில் எல்லோருக்கும் அவள் ஜெர்மன் சிஸ்டர். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டு வருவார்கள், செண்டு பாட்டில் கொண்டு வருவார்கள். அக்காவின் பெட்டியில் இருந்தது சிவப்பு ரப்பர் ஒட்டிய ஒரு டேபிள் டென்னிஸ் மட்டையும் ஒரு டப்பா நிறையப் பந்துகளும்தான். வந்த அன்றே தலைமை நர்சிடம் போய், "இந்த ஊர்ல டேபிள் டென்னிஸ் எங்க ஆடுறாங்க?" என்று கேட்டாள். தலைமை நர்ஸ், காய்ச்சலில் உளறுகிறவர்களைப் பார்க்கும் கண்ணோடு அவளைப் பார்த்தார்.

மாடிக் கணக்கின் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அங்க சின்னச் சின்ன ஊர்லகூட டீம் உண்டு புள்ள. ரொட்டி சுடுறவரு ஆடுவாரு, தபால்காரரு ஆடுவாரு, பல்லு டாக்டர் ஆடுவாரு. நாடு முழுக்க ஒரே வூடு மாதிரின்னு வச்சுக்கயேன். மாடிக்கு மேல மாடி. உச்சியில ஆடுறவனெல்லாம் உலகப் போட்டிக்குப் போறவன். அப்படியே கீழ கீழ வந்தா ஒவ்வொரு மாடியிலயும் கொஞ்சம் கொஞ்சம் சுமாரான ஆளுங்க. வருஷக் கடைசியில ஜெயிச்ச டீம் ஒரு மாடி ஏறும். தோத்த டீம் ஒரு மாடி எறங்கும்."

"நீ எந்த மாடிக்கா?"

"கடைசி. தரை. அதுலயும் எங்க டீம்ல நான் நாலாவது ஆளு."

"டீம்ல மொத்தம் எத்தனை பேரு?"

"நாலு" என்றாள். பரீட்சையில் முதலாவதாக வந்தவள் சொல்வது போல முகமெல்லாம் வெளிச்சம்.

அவள் இருந்த ஊருக்கு ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ். அங்கே கணக்கு வேறாம். டீமுக்கு மாடி இருப்பதோடு, ஆளுக்கு ஆள் தனியாக ஒரு தரமும் போட்டு வைத்திருப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கரைக்காரர்கள் வந்து இவர்களோடு ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து ஒரே வாக்குவாதம். உங்கள் ஆளின் தரம் எங்களிடம் எந்த மாடிக்குச் சமம்? எங்கள் மாடி உங்களிடம் என்ன தரம்? பொழுது சாயும்வரை பேசியும் முடிவுக்கு வராமல் கலைவார்களாம். அந்த வாக்குவாதத்தை அக்கா அப்படியே விமானத்தில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுவந்துவிட்டாள். இங்கே ரசம், புடவைக் கரை, மழை, பிரசங்கம் என்று எதையும் அவள் விடவில்லை. ஒருநாள் பூசை முடிந்து சாமியார் வாசலில் நின்று, "பிரசங்கம் எப்படிம்மா?" என்று கேட்டார். "ஆறாவது மாடியில ஆரம்பிச்சீங்க சாமி. கடைசில நீட்டிட்டீங்களா, அஞ்சுக்கு எறங்கிடுச்சு" என்றாள். சாமியார் அங்கி குலுங்கச் சிரித்தார்.

எல்லோரும் சாமியார் ஆகிவிட முடியாது. விடுமுறைக்கு அவளை என் வீட்டுக்கு அழைத்துப் போவேன். அரியலூர் - பெரம்பலூர் பஸ்ஸில் ஒரு டிரைவர் இருந்தார். பள்ளத்தையெல்லாம் தேடிப் பிடித்து இறக்குவார். எங்கள் குடல் தொண்டைக்கு வந்து போகும். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவரு ரெண்டாவது" என்றாள். அது டிரைவர் காதில் விழுந்துவிட்டது.

"என்னம்மா ரெண்டாவது?"

"உங்க வண்டி ஓட்டம்ங்க. ஜெர்மன் கணக்குல."

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜெர்மன் கணக்கில் இரண்டாவது! கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்களுக்கு முன் சீட்டு கிடைத்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நான் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "உன் கால்ல விழறேன்க்கா, வாயத் தொறக்காத." அவளால் முடியவில்லை. டிரைவர் பக்கம் போய், "அண்ணே, எண்ணிக்கை கீழேருந்து" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு எங்களை நிறுத்தத்தில் பார்த்தால் அந்த வண்டி நிற்காது.

மெஸ்ஸில் இரண்டு சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். காலி சலைன் பாட்டில்கள் இரண்டை நட்ட நடுவில் இரு பக்கமும் நிறுத்தி, பேண்டேஜ் துணியை இழுத்துக் கட்டியதும் வலை ஆயிற்று. இரண்டு மேசைக்கும் உயரம் ஒன்றாக இல்லை. பந்து விளிம்பில் பட்டு எங்கெங்கோ போகும். சமையல்கார அம்மா ஒருமுறை சாம்பார்ச் சட்டியிலிருந்து பந்தைக் கரண்டியால் எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஆட்டம் கொஞ்சமும் வரவில்லை. வலது பக்கம் வரும் பந்துக்கு இடது பக்கம் போவேன். இருபத்தொன்றுக்கு ஆடினால் எனக்கு இரண்டோ மூன்றோ கிடைக்கும், அதுவும் மேசையின் புண்ணியத்தில். ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். என் ஆயுளில் அவ்வளவு சிரித்தது அக்காவோடு இருந்த அந்த மூன்று வருஷத்தில்தான்.

ஊருக்கு வெளியே ஒரு சிமெண்டு ஆலை இருந்தது. அதன் அதிகாரிகள் கிளப்பில் நிஜமான மேசை, நிஜமான வலை. அக்கா போய்க் கேட்டாள். கிளப் செயலாளர் ஆலையில் பெரிய என்ஜினியர். காலேஜ் நாளில் கோப்பை வாங்கியவர். ஜெர்மனியிலிருந்து வந்தவள் என்றதும், "வாங்க வாங்க" என்றார். முதல் நாள் அக்கா அவரைத் தோற்கடித்தாள். அடுத்து அவருடைய உதவியாளரை. அந்த மாதம் முடிவதற்குள் அங்கே மட்டை பிடிக்கத் தெரிந்த எல்லோரையும்.

கிளப்பில் யாருக்கும் வருத்தமில்லை. ஏன் என்று ஆண்டு விழாவில்தான் தெரிந்தது. திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பரிசு கொடுக்க வந்திருந்தார். செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம் ஊருக்குக் கிடைத்த பெருமை, ஜெர்மனி நாட்டின் முன்னாள் சாம்பியன்..." என்று அக்காவை அழைத்தார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

அக்கா மேடை ஏறிப் பரிசை வாங்கினாள். பிறகு மைக்கின் பக்கம் போனாள். எனக்கு அந்த பஸ் டிரைவர் நினைவுக்கு வந்தார்.

"மன்னிக்கணும். நான் அங்க சாம்பியன் இல்லீங்க. இருக்கறதிலேயே கடைசி டிவிஷன்ல, எங்க டீம்ல கடைசி ஆளு. ஒரு வருஷம் முழுக்க ஆடி நாலே ஆட்டம்தான் ஜெயிச்சேன்."

முதல் இரண்டு வரிசையும் அவளிடம் தோற்றவர்கள். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பந்தல் முழுக்கப் பரவியது. விழா முடிந்ததும் செயலாளர் வந்தார்.

"ஏம்மா, உங்கள உசத்தித்தானே சொன்னேன்?"

"என்னைய உசத்தலீங்க சார். நீங்க தோத்ததை உசத்துனீங்க."

அடுத்த நாள் கிளப்புக்குப் போனோம். "டேபிளுக்குப் பாலிஷ் போட்டிருக்கு, காயணும்" என்றார் வாட்ச்மேன். அடுத்த வாரமும் பாலிஷ் காயவில்லை. அதற்கடுத்த வாரமும். கதவுக்குப் பின்னால் பந்து டொக் டொக்கென்று குதிக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அன்று திரும்பும் வழியில் அக்கா எதற்கும் மாடி சொல்லவில்லை. ரயில்வே கேட் வந்ததும் நின்று, "பொய் சொல்லியிருக்கணுமா புள்ள?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். சாம்பார் மணக்கும் எங்கள் மேசைக்கே திரும்பினோம்.

பாலிஷ் திடீரென்று ஒருநாள் காய்ந்தது.

ஆலையின் பெரிய சூளையைச் சரிபார்க்க டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்திறங்கினார். கதவு நிலையில் குனிந்து நுழையும் உயரம். வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தார். சாயங்காலமானால் சோடா குடித்துக்கொண்டு மேசையருகே வந்து நின்றுவிடுவார். செயலாளர் தோற்றார். உதவியாளர் தோற்றார். எல்லோரும் தோற்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு வாசலில் ஜீப் வந்து நின்றது. செயலாளரே இறங்கினார்.

"சிஸ்டர், பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஊரு மானம். வந்து ஆடணும்."

"பாலிஷ் காஞ்சிடுச்சுங்களா சார்?" என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

கிளப்பில் கூட்டம் ஜன்னல்வரை ஏறி நின்றது. செயலாளர் டேனிஷ்காரரிடம் இவளை மறுபடியும் ஜெர்மன் சாம்பியன் என்றே சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. அந்த நெட்டை மனிதர் மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பயந்து நின்றார். பிறகு ஜெர்மன் மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். அக்கா ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். அவர் கண் விரிந்தது. தன் நெஞ்சைத் தொட்டு அவரும் ஏதோ சொன்னார். அவ்வளவுதான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"என்னக்கா? என்ன சொல்றாரு?"

"அவரும் கடைசியாம்டி! அவங்க நாட்டுல அவரும் கடைசி மாடியாம்!"

பக்கத்தில் நின்ற செயலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

உடனே ஆடியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கடைசியில் எது அதிகக் கடைசி என்று வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. சோடா பாட்டில்களை மேசைமேல் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு மாடியாக்கி, இருவரும் குனிந்து நின்று கை நீட்டிப் பேசினார்கள். அவ்வப்போது அக்கா எங்களுக்காகத் தமிழில் சொன்னாள்.

"டென்மார்க் சின்ன நாடு, மாடி கம்மி. அதனால அவங்க தரை எங்க தரையைவிட மேலதான் இருக்கணும்ங்கறேன் நான். ஆளு கம்மிங்கறதால மட்டை புடிக்கத் தெரியாதவனையும் டீம்ல சேத்துக்குவோம், அதனால நாங்கதான் கீழங்கறாரு அவரு."

இருவருமே எதிராளியைத்தான் உசத்தினார்கள். ஜன்னலில் தொற்றிய ஒருவர், "ஆட்டம் உண்டா இல்லையாங்க?" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் பாட்டில்கள் கீழே இறங்கின.

முதல் ஆட்டம் அவருக்கு. இரண்டாவது அக்காவுக்கு. மூன்றாவதில் இருபதுக்கு இருபது. இனி இரண்டு புள்ளி முன்னால் போகிறவருக்குத்தான் ஆட்டம். அக்கா புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் ஒரு புள்ளி எடுத்தார். அடுத்த பந்து நீண்ட நேரம் போய் வந்து போய் வந்து, கடைசியில் மேசையில் அக்கா இருந்த பக்கத்து ஓரத்தைத் தொட்டுக் கீழே விழுந்தது. தோற்றுவிட்டாள். டேனிஷ்காரர் மன்னிப்புக் கேட்பது போலக் கையைத் தூக்கினார்.

அக்கா குதித்தாள். நிஜமாகவே இரண்டு காலும் தரையில் படாமல் குதித்தாள். "மேலதான்! நான் சொன்னேன்ல, அவங்க தரை மேலதான்!"

அவள் குதித்ததைப் பார்த்துக் கூட்டம் அவள்தான் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டது. விசிலும் கைதட்டலும் கூரையைத் தூக்கின. ஜெயித்தவருக்கென்று வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையைச் செயலாளர் அவசரமாகக் கொண்டுவந்து அக்காவின் கழுத்தில் போட்டார். "அய்யோ சார், ஜெயிச்சது அவரு!" என்று அவள் அதைக் கழற்றி, எம்பி, டேனிஷ்காரர் கழுத்தில் போட்டாள். ஒரு பெண் ஓர் ஆணுக்கு மாலை போட்டால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்கு யார் சொல்வது? கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு இன்னும் பலமாகக் கத்தியது.

சேதி எங்களுக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் ஏலாக்குறிச்சியிலிருந்து அக்காவின் அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு குடியிருப்பு வாசலில் வந்து நின்றார். "மாப்பிள எங்க?" என்பதுதான் முதல் வார்த்தை. நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லி அவருக்கு விளங்கவைக்கப் பெரும் பாடாயிற்று. கடைசியில் அவர், "அப்ப கல்யாணம் இல்ல?" என்றார். "இல்லப்பா, இருபத்திரண்டுக்கு இருபது" என்றாள் அக்கா. பெரியவர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சரி, அந்த ரெண்டு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். மகளுடைய குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்று தெரிந்தது.

பின்னால் அவளுக்கு நிஜமாகவே மாப்பிள்ளை பார்த்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கம், பஞ்சாலையில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனதும், "எப்படிக்கா?" என்று கேட்டேன். "இப்போதைக்கு நாலாவது மாடி. ஆனா ஏறுற ஜாதி" என்றாள். அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். டேனிஷ்காரர் ஊருக்குப் போன பிறகு ஒரு சாயங்காலம் செயலாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சிஸ்டர், கேக்கணும்னு நெனச்சேன். அந்தக் கணக்குல நான் எங்க நிக்கிறேன்?"

"அவரு கடைசி மாடி. அவருகிட்ட நீங்க தோத்துட்டீங்க. அப்ப அவருக்கும் கீழங்க சார்."

"தரைக்கும் கீழயா?"

"அங்க போனாத்தான் தரைக்குக் கீழ. நாம இங்க ஒரு வூடு கட்டிட்டோம்னா நீங்க மேல் மாடி."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "கட்டிடுவோம் சிஸ்டர்" என்றார்.

கட்டினார்கள். அரியலூர், பெரம்பலூர், ஜெயங்கொண்டம் மேல் மாடி. கீழப்பழுவூர், மீன்சுருட்டி, இன்னும் இரண்டு ஊர்கள் கீழ் மாடி. ஞாயிறுதோறும் மட்டையும் கையுமாக ஆட்கள் பஸ்ஸில் போய் வந்தார்கள். கீழப்பழுவூரில் அரிசி ஆலைக் கொட்டகையில் ஆட்டம். பெரம்பலூரில் இடைவேளைக்கு வடை, டீ. யார் யாருக்குச் சமம் என்ற பேச்சு டீக்கடைகளில் கட்சிப் பேச்சையே பின்னுக்குத் தள்ளியது.

மீன்சுருட்டி டீம்தான் அந்த வருஷம் முழுக்க எல்லா ஆட்டத்திலும் தோற்றது. அங்கே உரக்கடை வைத்திருந்தவர்தான் அவர்களுக்குத் தலைவர். மற்றவர்கள் கரும்பும் நெல்லும் போடுகிறவர்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே நல்ல மட்டை. ஆட்டம் மாறும்போது வேட்டியில் துடைத்துக் கை மாற்றிக்கொள்வார்கள். வருஷ முடிவில் அவர்கள் அரியலூர் வந்தபோது, விலகிக்கொள்ளப் போகிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

"சிஸ்டர், தோத்தா ஒரு மாடி எறங்கணும்னு சொன்னீங்க. எங்கள எறக்கி விடுங்க" என்றார் உரக்கடைக்காரர்.

"அதுக்குக் கீழ மாடி இல்லீங்களே?"

"அது எப்படிங்க? எங்களுக்குச் சமமான ஆளு ஒலகத்துல இல்லாமயா போயிடும்?"

அக்கா விரலை மடக்கி ஆள் எண்ண ஆரம்பித்தாள். பிறகு அவள் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

அப்படித்தான் கீழ் மாடிக்கும் கீழே ஒரு மாடி உண்டானது. நானும், மெஸ் சமையல்கார அம்மாவும், கிளப் வாட்ச்மேனும், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற பையனும் சேர்ந்த ஒரு டீம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டிக்குப் பஸ் ஏறியது. உரக்கடை குடோனில் மூட்டைகளை ஓரமாக அடுக்கி மேசை போட்டிருந்தார்கள். யூரியா வாடை மூக்கைத் துளைத்தது. ஊரே மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டு டீமும் மாறி மாறி ஜெயித்தும் தோற்றும் சமமாக வந்து, கடைசி ஆட்டம் எனக்கும் உரக்கடைக்காரருக்கும் என்று ஆனது.

அவர் பந்தை வானத்துக்கு அனுப்பினார். நான் வலைக்கு அனுப்பினேன். இருவரும் மாறி மாறி இனாமாகப் புள்ளி கொடுத்துக்கொண்டு பத்தொன்பதுக்குப் பத்தொன்பது வந்து சேர்ந்தோம். அவ்வளவு ஆசையாக எதையும் நான் ஜெயிக்க விரும்பியதில்லை. கடைசி இரண்டு பந்தையும் நானே வெளியே அடித்தேன்.

உரக்கடைக்காரருக்கு ஜெயித்தது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குடோனைச் சுற்றி ஓடினார். யாரோ அவரைத் தூக்கினார்கள். மூட்டைகள் சரிந்தன. அக்கா இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே போய் அவர் கையைக் குலுக்கினாள்.

"ஜெயிச்சுட்டீங்க. அடுத்த வருஷம் நீங்க ஒரு மாடி மேல."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "மேலயா? மறுபடி அந்தக் கீழப்பழுவூர்க்காரங்களோடயா?"

"ஆமாங்க."

"வேணாம் சிஸ்டர். நாங்க இங்கயே இருந்துக்கறோமே."

"அது முடியாதுங்க. ஜெயிச்சா ஏறித்தான் ஆகணும். சட்டம்."

உரக்கடைக்காரர் தன் ஆட்களைப் பார்த்தார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, வெளியூர் போகிறவர் வீட்டாரிடம் சொல்லிக்கொள்வது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"கவலப்படாதீங்கம்மா. ஒரே வருஷம். எல்லா ஆட்டமும் தோத்துட்டு ஓடியாந்துடுறோம்."

"வாங்க" என்றேன். "நாங்க எங்கயும் போக மாட்டோம்."